ஏசி போட்டு வைக்காத வண்டி

அஜ்மான்
ஜூன் 20, சனிக்கிழமை

அன்புத் தங்கை ஷிரினுக்கு, ஜுபைதா லாத்தா எழுதுவது. உன் மீதும், பிள்ளைகள் இருவர் மீதும், உன் உம்மா மீதும் அல்லாஹ்வின் சாந்தி இறங்கட்டும்.

நீ எதை நினைத்துப் பயந்துகொண்டிருப்பாயோ அதை முதலில் எழுதிவிடுகிறேன். மே ஒன்பதாம் தேதி சனிக்கிழமை, சுப்ஹு தொழுகை முடிந்து வெளிச்சம் வருகிற நேரத்தில், நம் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் மணல் பார்க்கிங்கில் உங்கள் வெள்ளை வண்டியைச் சுற்றி நின்றவர்கள் மொத்தம் ஐந்து பேர். என் கணவர் முகம்மது சித்தீக். உன் கணவர் ராஜிக் தம்பி. ஷார்ஜாவில் ஒரு கராஜில் வேலை பார்க்கும் மெக்கானிக் ஜான் பீட்டர். என் மகள் அப்ஸானா. நான். அவ்வளவுதான். கட்டடத்து வாட்ச்மேன்கூட அப்போது எழுந்திருக்கவில்லை. அந்த ஐந்து பேரில் ஒருவர் வாயிலும் உன் பெயர் வரவில்லை. அன்றும் வரவில்லை, இன்று வரைக்கும் வரவில்லை. நீ நிம்மதியாக இரு.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் போன் எப்போதும் உன் பெரியவன் கையில் இருக்கிறது. அவனுடைய வாப்பா கூப்பிட்டால் காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவான். அதனால்தான் காகிதம். மூன்றாவது மாடி சங்கீதா மூன்று வாரம் லீவில் திருச்செந்தூர் போகிறாள். அங்கிருந்து நம்ம ஊர் பத்து நிமிஷம்தானே. உன் கையில் மட்டும் கொடு, வாசலில் யார் கேட்டாலும் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ ஊருக்குப் போன அன்று எனக்குச் சரியாகப் பேச வாய்க்கவில்லை. இடியாப்பக் குழலையும், துளசிச் செடியையும், பாதி டப்பா சாம்பிராணியையும் என் கையில் கொடுத்துவிட்டு லிப்டுக்குள் நின்றாய். கதவு மூடப்போகிற நேரத்தில், என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "லாத்தா, வண்டியை சுப்ஹுக்கு அப்புறம் பாருங்க. அவங்க ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி." நான் ஏன் என்று கேட்பதற்குள் கதவு மூடிவிட்டது. அந்த இரண்டு வரிக்கு உன்னிடம் நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதமே. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது.

எங்கள் நிலைமை உனக்குத் தெரிந்ததுதான். என் கணவர், இவர்கள் பத்தொன்பது வருஷம் வேலைக்கு நின்ற துபாய் தேரா ஜவுளிக்கடையை முதலாளி ஏப்ரலோடு மூடிவிட்டார். மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஆர்டர் எடுக்கிற வேலைக்கு இவர்களை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அஜ்மானிலிருந்து ராஸ் அல் கைமா வரைக்கும் கடை கடையாகப் போக வேண்டும். வண்டி சொந்தமாக இருக்க வேண்டும், ஜூன் ஒன்றாம் தேதி வண்டியோடு வந்து நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. வண்டி வழியில் நின்றால் வேலையும் நின்றுவிடும். வேலை நின்றால் குடும்ப விசா இல்லை. நானும் அப்ஸானாவும் ஊருக்கு, இவர்கள் ஏதாவது ஒரு ரூமில் எட்டுப் பேரோடு. அவள் இந்த வருஷம் பத்தாவது. கையில் இருந்தது ஒரே ஒரு வண்டி வாங்குகிற பணம். தப்பான வண்டியை வாங்கிவிட்டு இன்னொன்று வாங்க வழியில்லை.

அப்போதுதான் ராஜிக் தம்பி, நாங்கள் ஊரோடு போகிறோம், வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் காக்கா என்று, கூடப்பிறந்த அண்ணனிடம் சொல்வதுபோல இவர்களிடம் சொன்னது. இவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எனக்கும்தான். பொய் சொல்ல மாட்டேன். மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அந்த வண்டியில்தான் இவர்கள் போனார்கள். அப்ஸானாவுக்கு டெங்குபோலக் காய்ச்சல் வந்தபோது, இவர்கள் மஸ்கட்டில் ரூவியில் சரக்கு எடுக்கப் போயிருந்த நேரம், ராஜிக் தம்பிதான் அவளைத் தூக்கி அந்தப் பின்சீட்டில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அப்படிப்பட்ட மனிதருடைய வண்டியைத் தட்டிப் பார்த்து வாங்குவதா?

நீ சொன்னதை நினைத்து, ஒரு மெக்கானிக்கிடம் காட்டுவோமே என்று இவர்களிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "ராஜிக் வண்டியை நான் செக் பண்ணப் போனா, நாளைக்குப் பள்ளிவாசல்ல அவன் பக்கத்துல எப்படி சஃப்புல தோளோட தோள் நிக்கிறது?" என்றார்கள். கறி வாங்கும்போது முகர்ந்து பார்த்துத்தானே வாங்குகிறோம், கடைக்காரர் கோபித்துக்கொள்கிறாரா என்று கேட்டேன். "கறிக்கடைக்காரன் நம்ம ஊர்க்காரனா? அவன் பட்டாணி, பாகிஸ்தான்காரன். அவன்கிட்ட நான் எதை வேணா முகருவேன்." போன டிசம்பரில்தான் வண்டி டெஸ்டில் பாசிங் ஆகி, பதிவு அட்டை முல்கியாவையும் புதுப்பித்திருக்கிறது, அரசாங்கமே பார்த்து விட்ட வண்டியை நீ என்ன பார்க்கப் போகிறாய் என்று வேறு கேட்டார்கள்.

ஆனால் எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. நான் வற்புறுத்தினால், யார் சொன்னார்கள் என்று ஒருநாள் கேள்வி வரும். உன் பெயரைச் சொல்லக்கூடாது. பொய்யும் சொல்லக்கூடாது. தொழுகைப் பாயில் உட்கார்ந்து இதற்கு ஒரு வழி காட்டு என்று கேட்டேன். எழுந்தபோது என் தம்பி இர்ஷாத் ஞாபகத்துக்கு வந்தான். சவுதியில் ஜுபைலில் கெமிக்கல் பிளாண்டில் பம்பு, மோட்டார் எல்லாம் பார்க்கிற டெக்னீஷியன். அவனுக்குப் போன் போட்டு, பழைய வண்டி வாங்கப் போகிறோம், என்னென்ன பார்க்க வேண்டும், ஒன்று விடாமல் சொல் என்றேன். உன் பேச்சை எடுக்கவே இல்லை. அவன் கேம்ப் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே முப்பத்தொரு விஷயம் சொன்னான். நோட்டில் நம்பர் போட்டு எழுதிக்கொண்டேன். நாலாவது நம்பர்: எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பார், உன் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல். அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். "என்ன லாத்தா, வண்டி ஓடிடுச்சா?" என்று கேட்டான். இனி யார் கேட்டாலும் இர்ஷாத் சொன்னான் என்று நான் சொல்லலாம். அது உண்மை. முழு உண்மை இல்லை என்பது எனக்கும் அல்லாஹ்வுக்கும் உனக்கும் தெரியும்.

இவர்களுக்கு மச்சான் பேச்சு என்றால் மதிப்பு. "பம்பு பாத்துப் பாத்து உன் தம்பிக்கு எல்லாமே பம்பாத் தெரியுது" என்று கிண்டல் செய்தார்கள். ஆனாலும் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார்கள். ராஜிக் தம்பியிடம் கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாங்க காக்கா என்றது.

வெள்ளிக்கிழமை நாங்கள் இறங்கிப் போகும்போதே வண்டி வாசலில் நின்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஏசி ஐஸ்பெட்டி மாதிரி. "இந்த வெயில்ல லாத்தா ஏறி உக்காந்தா அவிஞ்சிருவாங்கன்னு பத்து நிமிஷம் முன்னாடியே போட்டு வெச்சேன்" என்றது. இவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இப்படி ஒரு மனிதரைப் போய்ச் சந்தேகப்படுகிறாயே என்று. இந்த ஊரில் எல்லாரும் செய்கிற மரியாதைதானே அது. விருந்தாளி ஏறுவதற்கு முன்னால் வண்டியைக் குளிரவைப்பது. நாங்கள் அந்த வண்டியில் போன ஒவ்வொரு முறையும் அது அப்படித்தான் குளிரக் குளிர நின்றிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தத்தை நான் கேட்டதில்லை.

இர்ஷாத் பானெட்டில் கை வைத்துப் பார், சூடாக இருந்தால் முன்னாலேயே ஓட்டியிருக்கிறார்கள் என்று எழுதச் சொல்லியிருந்தான். மே மாசத்து அஜ்மானில் எந்த பானெட்டில் கை வைத்தாலும் தோசை சுடலாம். பக்கத்தில் ஆறு மாசமாகத் தூசி படிந்து கிடக்கிற வண்டியையும் தொட்டுப் பார்த்தேன். அதுவும் அதே சூடு. நீ ஏன் சுப்ஹு என்று சொன்னாய் என்பது எனக்கு அங்கே விளங்கிற்று.

அன்று நான் பார்க்க முடிந்ததைப் பார்த்தேன். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். ரெண்டு வருஷத்துக்கு முந்திய மழையில் முங்கின வண்டி என்றால் அங்கே சேற்றுக் கோடு இருக்குமாம். இல்லை. மிதியடியைத் தூக்கி மோந்து பார்த்தேன். ஈர வாடை இல்லை, உன் சாம்பிராணி வாசம்தான் இருந்தது. அப்ஸானா சேஸிஸ் நம்பரை அவளுடைய போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "கிளீன் உம்மா, நோ ஆக்சிடென்ட்" என்றாள். இவர்கள் சந்தோஷமாக, அப்போ பேச்சை முடிச்சிருவோமா என்றார்கள். நாளைக் காலையில் சொல்கிறோமே என்று நான் முந்திக்கொண்டேன். இவர்கள் என்னை விட்டுவிட்டு விறுவிறுவென்று மாடி ஏறிப் போனார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் இவர்கள் முன்னால் நோட்டை விரித்து வைத்தேன். முப்பது நம்பருக்குச் சரி போட்டாயிற்று, நாலாவது மட்டும் காலியாக இருக்கிறது, இது ஒன்றை மட்டும் பார்த்துவிட்டால் நானே பிஸ்மி சொல்லிப் பணத்தை எடுத்துத் தருகிறேன் என்றேன். காலியாக ஒரு கட்டம் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது என்பது இவர்களுக்குத் தெரியும். அரிசிக் கணக்கிலேயே அப்படி. "சரி, உன் நாலாம் நம்பருக்காக" என்றார்கள். ஜான் பீட்டருக்கு இவர்களே போன் செய்தார்கள். ஜவுளிக்கடையின் டெலிவரி வேன் அவர் கராஜுக்குத்தான் போகும், அந்தப் பழக்கம். மணப்பாட்டுக்காரர், அதிகம் பேச மாட்டார். ஏழு மணிக்கு டூட்டி, அதற்கு முன்னால் வருகிறேன் என்று சொல்லி ஐந்து மணிக்கே வந்து நின்றார்.

நான் இவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினேன். பள்ளிவாசலிலிருந்து வரும்போது ராஜிக் தம்பியை முன்னால் போக விடாதீர்கள். தொழுகை முடிந்து வெளியே வந்ததும், "ராஜிக், இப்பவே ஒரு தடவை பாத்துருவோமா?" என்று கேட்டிருக்கிறார்கள். "இப்பவா காக்கா? சரி, நீங்க மெதுவா வாங்க, நான் போய் ஏசியைப் போட்டு வெக்கிறேன்" என்று தம்பி வேகமாக நடக்க ஆரம்பித்ததாம். இவர்கள் அதன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏசி கெடக்குது, வா தம்பி, காத்து நல்லாத்தான் இருக்கு" என்று பேசிக்கொண்டே, கையை விடாமல், பார்க்கிங் வரைக்கும் நடந்து வந்தார்கள். தூரத்தில் இருவரும் கைகோத்து வருவதைப் பார்த்தபோது என்னையே கேட்டுக்கொண்டேன், நான் சரிதானா, இல்லை ஒரு நல்ல சினேகத்தை நோட்டுப் புத்தகத்துக்காகக் கெடுக்கிறேனா என்று.

ஜான் பீட்டர் சிலுவை போட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தார். பானெட் ஜில்லென்று இருந்தது, நானே தொட்டேன். ராஜிக் தம்பி சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றியது. பிறகு உட்கார்ந்து திருப்பியது.

நீ தினமும் காலையில் கேட்ட சத்தம்தான் ஷிரின். ஜல்லிக் கல்லைத் தகர டப்பாவில் போட்டு உலுக்கின மாதிரி. பத்து எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது. அடங்கின பிறகு அதே பழைய வண்டி, பட்டுப் போல.

"காலையில கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் காக்கா. நமக்கும் எந்திரிக்கிறப்போ முட்டி சத்தம் போடலையா?" என்றது தம்பி. இவர்கள் சிரித்தார்கள். ஜான் பீட்டர் சிரிக்கவில்லை. வண்டியை அணைக்கச் சொன்னார். எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டு எடுத்தார். தார் மாதிரி ஒட்டியிருந்தது. "எஞ்சினுக்குள்ள ஒரு செயின் உண்டு அண்ணாச்சி. அது தளந்து போச்சு. எண்ணெய் சூடாகி ஏறின பெறகு சத்தம் வராது, அதனாலதான் பாசிங்ல தெரியல. இப்படியே ஓட்டுனா ஒரு மாசமோ ஆறு மாசமோ, ஒருநாள் ரோட்டுல செயின் தாண்டும். தாண்டிச்சுன்னா எஞ்சின் அம்புட்டும் போச்சு." நூற்றிருபதில் போகும்போது நின்றால் என்ன ஆகும் என்று அப்ஸானா கேட்டாள். அவர் அவளைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ராஜிக் தம்பியைப் பார்த்து, இதற்கு முன்னால் யாராவது இதை உங்களிடம் சொன்னார்களா என்று கேட்டார்.

தம்பி மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றே சொல்லியிருக்கலாம், எங்களுக்கு எப்படித் தெரியும்? வண்டியிலிருந்து இறங்கி, பார்க்கிங் ஓரக் கல்லில் உட்கார்ந்துகொண்டது. "சொன்னாங்க. அஞ்சு மாசமாச்சு. காக்கா, நான் மறந்துட்டுச் சொல்லாம விடல. தெரிஞ்சேதான் சொல்லல" என்றது. இங்கே இருந்த கடன் கணக்கெல்லாம் முடிக்கிறதில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை, இந்த வண்டிக் காசுதான் ஊரில் ஏதாவது தொடங்க வழி, அதனால் வாய் வரவில்லை என்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அப்ஸானா ஏறப்போற வண்டின்னு நான் நெனச்சே பாக்கல காக்கா" என்றது.

இவர்களுக்குக் கோபம் வரும் என்று நான் பயந்தேன். இவர்கள் போய்ப் பக்கத்தில் அதே கல்லில் உட்கார்ந்தார்கள். பிறகு, "எந்திரி. கரக் டீ குடிப்போம். பீட்டரண்ணனுக்கு டூட்டிக்கு நேரமாச்சு" என்றார்கள். அவ்வளவுதான்.

டீக்கடையில்தான் ஜான் பீட்டர் மீதியைச் சொன்னார். கியர் நன்றாக இருக்கிறது, அடிச்சட்டம் நேராக இருக்கிறது, எங்கேயும் துரு இல்லை. செயினையும் அதோடு சேர்ந்த சாமான்களையும் மாற்றி, எஞ்சினைக் கழுவினால் இன்னும் நாலைந்து வருஷம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம். வெளியில் இதே விலைக்கு வாங்குகிற வண்டியில் என்னென்ன ஒளிந்திருக்கும் என்று தெரியாது, இதில் இருக்கிற ஒரே நோய் தெரிந்துவிட்டது, வாங்குவதென்றால் இதையே வாங்குங்கள் என்றார். செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்று இவர்கள் ஆரம்பித்தார்கள். ராஜிக் தம்பி ஒரே பிடியாக மறுத்துவிட்டது. நல்ல வண்டி என்று சொல்லித்தானே விலை சொன்னேன், நல்ல வண்டியாக்கித் தருவது என் கடமை என்றது. இரண்டு நாள் கராஜிலேயே நின்று, கழற்றின பழைய செயினைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டியது. அதற்குப் பிறகு மூன்று நாள் தொடர்ந்து சுப்ஹு முடிந்ததும் நானே இறங்கிப் போய் நின்றேன். மூன்று நாளும் ஒரு முனகல்கூட இல்லை. பெயர் மாற்றினோம். ஜூன் ஒன்றாம் தேதி இவர்கள் வண்டியோடு போய் நின்றார்கள். இன்றோடு மூன்று வாரம். ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுகிறது. ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. அப்ஸானாவுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டியாயிற்று. நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். இதில் ஒவ்வொன்றும் உன் இரண்டு வரியிலிருந்து வந்தது.

ராஜிக் தம்பி கையிலிருந்து போன செலவு உன் வீட்டுக்கு வந்த குறைவு என்று எனக்குத் தெரியும். லிப்டில் நின்று சொல்லும்போது உனக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்தே சொன்னாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெயர் மாற்றின அன்று தம்பி எங்கள் வீட்டுக்கு வந்து சாவியைக் கொடுத்தது. நான் அடுப்படியில் இருந்தேன். ஹாலில் பேசியது காதில் விழுந்தது. "காக்கா, ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். ஷிரினுக்குத் தெரிய வேணாம். செலவு ஆச்சுன்னு நான் சொல்லிருவேன். மறைச்சேன்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம். அவ என்னைப் பத்தி என்னென்னமோ நல்லபடியா நெனச்சுக்கிட்டிருக்கா" என்றது. இவர்கள் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. நான் டீத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். அவருக்குத் தெரியக்கூடாது என்று நீ. உனக்குத் தெரியக்கூடாது என்று அவர். ஒரே விஷயம்.

கணவன் மனைவி நடுவில் பேசுவது பாவமாகிவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். நீ அங்கே உட்கார்ந்து, இவர் இப்படிச் செய்தாரே என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பாய். அந்தக் கணக்கில் அவர் அந்தக் கல்லில் உட்கார்ந்ததையும் சேர்த்துக்கொள். வெட்கப்படத் தெரிந்த மனிதர் ஷிரின் உன் மாப்பிள்ளை. அதைக் கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன்.

தம்பி வருகிற வியாழக்கிழமை விமானத்தில் வருகிறது. லீவில் வருகிற மாப்பிள்ளை வேறு, விசாவைக் கேன்சல் செய்துவிட்டு உன் உம்மா வீட்டுக்கு நிரந்தரமாக வருகிற மாப்பிள்ளை வேறு. நம்ம ஊரில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். பெட்டி சிறிதாக இருக்கிறதே என்று யாரையும் கேட்க விடாதே. வண்டி என்ன விலைக்குப் போனது என்று உம்மாவையும் கேட்க விடாதே. நீயாக வண்டிப் பேச்சை எடுக்காதே. அவராக எடுத்தால், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். நீ என்னிடம் சொன்னதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். அதில் நான் வாய் திறக்க மாட்டேன்.

சங்கீதாவிடம் ஒரு பார்சல் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பேரீச்சம்பழம், உம்மாவுக்கு முட்டிக்குத் தடவுகிற தைலம், உனக்கு அந்த நீலத் துப்பட்டா. விலைச் சீட்டைக் கிழித்துவிட்டேன், தேடாதே.

இப்போது என் காரியம் ஒன்று. இவர்களோடு குடும்பம் நடத்தின இருபது வருஷத்தில், இவர்களுக்குச் சொல்லாமல் நான் வைத்திருப்பது இந்த ஒன்றுதான். இவர்கள் இப்போது கட்டடம் முழுக்க இர்ஷாத் புகழைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆறாவது மாடிக்காரர் வண்டி வாங்க ஜுபைலுக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். "லாத்தா, நான் பம்பு பாக்குறவன், என்னை ஏன் இப்படி மாட்டி விட்டே?" என்று அவன் அழுகிறான். அது சிரிப்பு. ஆனால் தினமும் காலையில் சாப்பாட்டுப் பையைக் கொடுக்க நான் கீழே இறங்கிப் போகிறேன். இவர்கள் வண்டியில் உட்கார்ந்து, சாவியைத் திருப்புவதற்கு முன்னால் கையேந்தி பயண துஆ ஓதுகிறார்கள். ஓதி முடித்து, என் குடும்பத்தை என்னோடு வைத்த மச்சான் இர்ஷாதுக்கு பரக்கத் செய் ரப்பே என்று கேட்கிறார்கள். நான் ஜன்னலோரம் நின்று, மனதுக்குள் உன் பெயரைப் போட்டு ஆமீன் சொல்கிறேன். தினமும் சொல்கிறேன். ஆனாலும் இன்னொருவர் பெயருக்குப் போகிற துஆவை நான் திருப்பிவிடுகிற மாதிரி இருக்கிறது.

இவர்களிடம் மட்டும் சொல்லிக்கொள்ளட்டுமா? வேறு யார் காதுக்கும் போகாது. உன் பெயரைச் சொல்லியே இவர்கள் கேட்கட்டும் என்று ஆசையாக இருக்கிறது. வேண்டாம் என்றால் வேண்டாம், இதுவரை இருந்த மாதிரியே இருந்துகொள்கிறேன்.

உனக்கும் உன் மாப்பிள்ளைக்கும் ஒரே மனதையும், அந்த வீட்டில் உண்ண உடுக்கக் குறையாத ரிஸ்கையும் அல்லாஹ் தரட்டும்.

என்றும் உன் நன்றியுள்ள லாத்தா,
ஜுபைதா

சங்கீதா ஜூலை பதினொன்றாம் தேதி திரும்புகிறாள். ஒரு வரியானாலும் அவளிடம் கொடுத்தனுப்பு. பதில் சீக்கிரம் வேண்டும்.